எழுந்து போகும் உரிமையுள்ள மாணவர்கள்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் முதியோர் கல்வி

(நீண்ட பதிவு. கல்வி வரலாறு, மொழிச் சிறுபான்மையினர், தோட்டத் தொழிலாளர் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

வகுப்பறையில் அமர்ந்திருக்கும் குழந்தையைப் பல கைகள் பிடித்து வைத்திருக்கின்றன. பெற்றோரின் கண்டிப்பு, வருகைப் பதிவேடு, தேர்வு, மதிய உணவு, தோழர் கூட்டம், சட்டம் எனப் பட்டியல் நீளும். நாற்பது வயதில் கொழுந்து பறிக்கும் பெண்ணையோ, ஐம்பது வயதில் ஆடு மேய்க்கும் இருளரையோ அவ்வாறு பிடித்து வைக்க எந்தக் கையும் இல்லை. பாடம் தனக்கு உதவாது என்று தோன்றினால் அவர் எழுந்து போகலாம். மறுநாள் வராமலும் இருந்துவிடலாம். யாரும் வீடு தேடி வந்து காரணம் கேட்கப்போவதில்லை.

ஆகவே முதியோர் கல்வியின் வரலாற்றை மையங்களின் எண்ணிக்கையையும் இலக்குகளையும் அறிவிப்பு விழாக்களையும் மட்டும் கொண்டு எழுதினால் அது அரைகுறை வரலாறாகவே இருக்கும். கற்க வந்தவர்கள் எதனால் தங்கினார்கள், எதனால் விலகினார்கள் என்பதே அதன் உள்ளடக்கம். கேரளத்தின் எழுத்தறிவு வரலாறு உலகப் புகழ் பெற்றது. அதனை எறணாகுளத்திலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பார்த்த நூல்கள் பல உள்ளன. தமிழும் மலையாளமும் பழங்குடி மொழிகளும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைகளிலிருந்து பார்க்கும்போது அதே வரலாறு வேறொரு கேள்வியை எழுப்புகிறது: முதியவர் எந்த மொழியின் எழுத்தை, எந்தத் தேவைக்காகக் கற்க வந்தார்?

மூன்று ஆட்சிகளின் எல்லை

இந்த நிலப்பகுதிக்கு ஒற்றை நிர்வாக வரலாறு கிடையாது. பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியது. மூணாறும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே தங்கின. 1957-இல் பாலக்காடு மாவட்டமும் 1972-இல் இடுக்கி மாவட்டமும் உருவாயின.

கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டது 1817-இல். அதன் பின் 60 ஆண்டுகள் கழித்து, 1877-இல், பூஞ்ஞாற்றுத் தம்புரானிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அம்மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் பரவியபோது, கங்காணிகள் வழியாகத் தமிழ் மாவட்டங்களின் உழைப்பாளர் குடும்பங்கள் மலையேறின. அவர்கள் குடியமர்ந்த லயங்கள் அரசின் கல்வி வரைபடத்தில் இருந்ததைவிடக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே அதிகம் இருந்தன.

சித்தூருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைச் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் கழித்தார் என்பது மரபு. அவருடைய குருமடம் அங்கு உள்ளது. அதே வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊராட்சிகளில் வீட்டு மொழி பெரும்பாலும் தமிழ். எழுத்தின் தந்தை அமர்ந்த இடத்துக்கு அருகிலேயே, எந்த எழுத்து என்ற கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது.

சட்டம் காணாத மாணவர்

மொழிச் சிறுபான்மையினரின் கல்விக்கு அரசமைப்பு தரும் பாதுகாப்பு 350அ பிரிவு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. 1956-ஆம் ஆண்டின் 7-ஆம் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட அப்பிரிவு பேசுவது குழந்தைகளைப் பற்றியே. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் கல்வி வசதியைத் தொழிலாளரின் குழந்தைகளுக்கே விதித்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற கணக்கையும் அது வைத்திருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பு 6 முதல் 14 வரை.

இந்த மூன்று சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். பதினைந்து வயதைக் கடந்த எழுத்தறியாதவர் கல்வியைச் சட்டப்படி கோர முடியாதவர். அவருக்குக் கிடைப்பது திட்டங்கள். திட்டத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உரிமை என்ற நிலையிலிருந்து வராத ஒன்றை முதியவர் ஏற்க வேண்டுமானால், அதில் தமக்குரியது எதையேனும் அவர் காண வேண்டும். முதியோர் வகுப்பு கற்பித்தல் முறை என்ற ஒன்றை மட்டுமே நம்பி நிற்பதற்கு இதுவே காரணம்.

1978: பெரிய இலக்கு, சிறிய விளக்கு

1978 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் எழுத்தறிவு தர முனைந்தது. ஒரு மையத்துக்கு ஏறத்தாழ 30 பேர். ஒன்பது, பத்து மாதங்களில் 300 முதல் 350 மணி நேரம் பாடம் என்பது அதன் அமைப்பு. திட்ட ஆவணத்தில் எழுத்தறிவோடு விழிப்புணர்வும் தொழில் திறனும் குறிக்கோள்களாக இருந்தன. ஆயினும் ஊதியம் பெறும் ஒரு பயிற்றுநர், ஒரு விளக்கு, ஓர் அரிச்சுவடி என்ற அளவில் பல மையங்கள் சுருங்கின. நாள் முழுவதும் உழைத்த உடலை, பத்து மாதங்கள், இரவு தோறும் ஒரு விளக்கின் முன் அமர்த்தி வைக்கும் அளவுக்கு அந்த அரிச்சுவடியில் என்ன இருந்தது என்பதே அத்திட்டம் சந்தித்த சோதனை.

அதே 1978-இல்தான் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்த ஆணையும் வந்தது. யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'ணை' முதலியன மறைந்து இன்றைய வடிவங்கள் வந்தன. மலையாளத்தில் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1971-இல், கூட்டெழுத்துகளைக் குறைத்த சீர்திருத்தம் நடந்திருந்தது. சிறுவயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளிக்குச் சென்று, பின் தோட்டத்திலோ காட்டிலோ வாழ்வைக் கழித்தவருக்கு இதன் பொருள் என்ன? அவர் நினைவில் எஞ்சியிருந்த சில எழுத்துகளும் மாறிவிட்டன. முதியோர் வகுப்பு தொடங்கும் இடம் வெற்றுப் பலகை என்று கருதுவது எத்தனை பிழையானது என்பதற்கு இது ஒரு சான்று. அங்கே முன்பே எழுதி அழிந்த தடங்கள் இருக்கின்றன.

மக்கள் நடத்திய வகுப்பு

கேரளத்தில் மாறுதல் திடீரென வந்ததன்று. 1945-இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் திருவிதாங்கூரின் ஊர்தோறும் வாசகசாலையை ஒரு பழக்கமாக்கியது. மலபாரின் பகுதியாக இருந்த பாலக்காட்டுக்கோ, 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் பொருந்தியது. இந்த அடித்தளத்தின் மீதுதான் 1980-களின் இறுதியில் எழுத்தறிவு இயக்கம் எழுந்தது. 1989 ஜூனில் கோட்டயம் முழு எழுத்தறிவு பெற்ற நகரம் ஆனது. அவ்வாண்டு கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் இணைந்து எறணாகுளத்தில் நடத்திய இயக்கம் 1990 பிப்ரவரி 4-ஆம் நாள் அறிவிப்பில் முடிந்தது. 1991 ஏப்ரல் 18-ஆம் நாள் கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என அறிவித்தவர் புதிதாக எழுத்தறிந்த மலப்புறத்துப் பெண்மணி சேலக்கோடன் ஆயிஷா. அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 89.81 விழுக்காடு.

கற்பித்தல் என்ற கோணத்தில் எறணாகுளம் நமக்குச் சொல்வது மூன்று செய்திகள். முதலாவது, மாணவர் வகுப்பைத் தேடி வரவில்லை. வகுப்பு அவரைத் தேடிச் சென்றது. வீட்டுத் திண்ணையும் மீன்பிடித் துறையும் வேலைத்தலமும் வகுப்பறைகளாயின. இரண்டாவது, கற்பித்த ஆயிரக்கணக்கானோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியே ஆசிரியை என்றால், வகுப்புக்குப் போகாமலிருப்பது ஓர் உறவைப் புண்படுத்துவதாகும். பதிவேடு செய்ய முடியாததை அந்த உறவு செய்தது. மூன்றாவது, உடலைப் பற்றியது. கற்க வந்த முதியோர் பலர் எழுத்தில் மனம் பதிக்காமல் சோர்ந்ததற்குக் காரணம் கண்பார்வைக் குறைவு என்று கண்டறிந்தபோது, மக்களிடமிருந்து பழைய மூக்குக் கண்ணாடிகள் பல்லாயிரக்கணக்கில் திரட்டப்பட்டன. தொண்டர்கள் அவற்றை ஒவ்வொருவர் கண்ணுக்கும் பொருத்திப் பார்த்துத் தந்தார்கள். 'ஆர்வமில்லாத மாணவர்' என்று நாம் எழுதும் இடங்களில் எத்தனை பேருக்குக் கண்ணாடி மட்டுமே தேவைப்பட்டிருக்கும் என்று இந்நிகழ்ச்சி கேட்க வைக்கிறது.

எல்லையில் எழும் கூடுதல் சுமை

மேற்கூறிய மூன்றும் மலையாளம் பேசும் எறணாகுளத்தில் நிகழ்ந்தன. அங்கே எழுத்துதான் புதியது, மொழி பழகியது. எல்லையில் அவ்வாறில்லை.

மூணாற்றின் தேயிலைத் தொழிலாளிக்கு வீட்டுப் பேச்சு தமிழ், கோயில் பாட்டு தமிழ், ஊரிலிருக்கும் உறவினருக்குச் சொல்லியனுப்பும் செய்தி தமிழ். பேருந்துப் பலகையும் ஊராட்சி அறிவிப்பும் காவல் நிலையத் தாளும் மலையாளம். கேரள அரசு தமிழையும் கன்னடத்தையும் சிறுபான்மை மொழிகளாக ஏற்று, அம்மொழியினர் செறிந்த பகுதிகளில் அவற்றில் அரசுக்கு எழுத இடம் தந்துள்ளது. ஆனால் ஓர் உரிமை தாளில் இருப்பதற்கும், அலுவலகப் படிக்கட்டில் நிற்பவர் அதனைப் பயன்படுத்துவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. தமிழ் எழுத்து மட்டும் கற்றவர் தம் நெஞ்சைப் படிக்கலாம், தம் ஊராட்சியைப் படிக்க முடியாது. மலையாள எழுத்து மட்டும் கற்றவரின் நிலை இதற்கு மறுதலை.

கற்பித்தலின் நுட்பங்களும் இங்கே மாறுகின்றன. தமிழ் பேசுபவர் மலையாள எழுத்தைக் கற்கும்போது, க, ச, ட, த, ப என்னும் ஒவ்வொரு வல்லெழுத்துக்கும் நான்கு வடிவங்களை எதிர்கொள்கிறார். அவருடைய செவி அவற்றுள் சிலவற்றை வேறுபடுத்திக் கேட்டதே இல்லை. அகரவரிசைப்படி தொடங்கும் ஆசிரியர், மாணவருக்கு மிக அந்நியமான இடத்திலிருந்தே தொடங்குகிறார். மாறாக வீடு, கூலி, தோட்டம் போன்ற சொற்கள் இரு மொழிகளிலும் ஒன்றே. ழகரம், றகரம், ளகரம், ணகரம் இரண்டிலும் உண்டு. பொதுச் சொற்களிலிருந்து தொடங்கினால் இரு எழுத்துகளும் ஒன்றையொன்று தாங்கும். 'எனக்கு முன்பே தெரிந்த ஒன்றைத்தான் படிக்கிறேன்' என்ற உணர்வே முதியவரை இரண்டாம் நாளும் வரவழைப்பது.

அட்டப்பாடியில் இச்சுமை இன்னும் ஒரு படி கூடுகிறது. அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளில் வாழும் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோருக்குத் தத்தமக்கென மொழிகள் உண்டு. தமிழும் மலையாளமும் குடியேறியவர்களோடு வந்த மொழிகள். எனவே அங்கே எந்த அரிச்சுவடியைத் திறந்தாலும் அது அயல் வீட்டின் கதவாகவே இருக்கும். ஆனால் அந்த ஊர்களில் அறிவின் ஒழுங்கு முன்பே இருந்தது. ஊருமூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணூக்காரன் என்று பொறுப்புகள் பகுக்கப்பட்டிருந்தன. எந்த மண்ணில், எந்த மழையில், எந்தத் தானியம் என்று அறிந்து சொல்பவரே மண்ணூக்காரன். அவரை இரவு வகுப்பில் அமர்த்தி, ஒரு பறவைப் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால், அவர் எழுந்து போவதை அறியாமை என்று எண்ண முடியுமா? அதுவும் ஒரு மதிப்பீடுதான். வகுப்பை அவர் மதிப்பிட்டிருக்கிறார்.

2011 கணக்கெடுப்பில் கேரளத்தின் எழுத்தறிவு 94 விழுக்காடு, பாலக்காட்டில் 89.31, இடுக்கியில் 91.99. மாவட்டச் சராசரிகள் பள்ளத்தாக்குகளின் கதையை மறைத்துவிடும் என்றாலும், இந்த இடைவெளியே முழு எழுத்தறிவு அறிவிப்பின் நிழல் எங்கே விழுந்தது என்பதைக் காட்டப் போதுமானது.

சொல்லிலிருந்து தொடங்குதல்

1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் பாவ்லோ பிரெய்ரே நடத்திய முயற்சி கல்வியியல் மாணவர் அனைவரும் அறிந்ததே. ஏறத்தாழ 300 உழைப்பாளர்கள் 40 மணி நேரத்தில் படிக்கக் கற்றனர். எழுத்துகளிலிருந்து தொடங்காமல், அவர்கள் வாழ்வை அள்ளிக் கொண்டிருக்கும் சில சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் விவாதித்து, அதன்பின் அசைகளாகப் பிரித்ததே அம்முறை. கட்டடத் தொழிலாளியிடம் 'செங்கல்' என்ற சொல் எழுப்பும் பேச்சு, படத்திலுள்ள பறவையின் பெயரால் எழாது. 1964-இன் இராணுவ ஆட்சி அம்முயற்சியை நிறுத்தி அவரைச் சிறையிலிட்டதும், அச்சொற்களின் வலிமைக்கு ஒரு சான்று.

இடுக்கியின் எல்லையில் அத்தகைய கருச்சொல் எதுவாக இருக்கும்? தமிழில் 'பட்டா', மலையாளத்தில் 'பட்டயம்'. தலைமுறைகளாக மலையில் உழைத்தும் தம் பெயரில் ஒரு செண்டு நிலமில்லாத குடும்பங்களுக்கும், குடியேறி உழுதும் ஆவணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் அச்சொல் ஓர் எழுத்துப் பயிற்சியாக மட்டும் இராது. வேலை முடிந்தால் லயத்தின் அறையைக் காலி செய்ய வேண்டும் என்ற அச்சம் அதனுள் இருக்கிறது. இரு மொழிகளிலும் அதனை எழுதிப் பார்க்கும் வகுப்பு, இரு மொழிகளின் அலுவலகங்களையும் படிக்கும் வகுப்பாகும்.

இன்னொரு வாயில் எண். கொழுந்து பறிப்பவரின் நாள் எடையில் முடிகிறது. நிறுவை நடக்கிறது, ஒருவர் குறிக்கிறார், மாத முடிவில் கூலிச் சீட்டு வருகிறது. குறிக்கப்பட்ட எடைக்கும் கிடைத்த கூலிக்கும் இடையே குறைந்தபட்ச அளவு, கூடுதல் கொழுந்துக்கான ஊக்கத்தொகை, பிடித்தங்கள் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலைகளில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் அமர்ந்தபோது, பின்னர் 'பெம்பிளை ஒருமை' என்று அறியப்பட்ட அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தவை எண்களே. 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 ஆனது ஏன்? 232 ரூபாய் நாட்கூலி ஏன் உயரக்கூடாது? தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு அப்பெண்கள் தாமே பேச்சுவார்த்தை மேசைக்குச் சென்றனர். விழுக்காடு என்பது அரிச்சுவடியின் இறுதிப் பாடமாக வைக்கப்படுவது வழக்கம். அப்பெண்களுக்கு அதுவே முதற்பாடம். வாழ்வின் வரிசையும் பாடநூலின் வரிசையும் வேறுபடும்போது, பாடநூல்தான் இடம் மாற வேண்டும்.

மலைக்கு அப்பால்: புதுக்கோட்டை

மலையின் மறுபுறத்தில், கேரளம் அறிவிப்பு விழா கண்ட அதே 1991-இல், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் இணைத்தார். பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது வழக்கமில்லாத ஊர்களில் பல்லாயிரம் பெண்கள் அதனைக் கற்றனர். இதனைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதியிருக்கிறார்.

மிதிவண்டிக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு? வகுப்புக்கு வர இரண்டு மைல் நடக்க வேண்டிய பெண்ணுக்கு, மிதிவண்டி அந்த நேரத்தைத் திருப்பித் தந்தது. தண்ணீர்க் குடமும் குழந்தையும் காய்கறி மூட்டையும் அதே வண்டியில் ஏறின. வாழ்வின் ஒரு சுமை கண்முன் குறைவதைக் கண்டவர், எழுத்தாலும் ஏதேனும் குறையும் என்று நம்பத் தொடங்குகிறார். வகுப்பின்மீது நம்பிக்கை அவ்வாறுதான் பிறக்கிறது.

புதுக்கோட்டை அறிவொளியை நீண்ட காலம் ஆய்ந்த மானிடவியலர் பிரான்சிஸ் கோடி, கையெழுத்துக்கும் மனுவுக்கும் அங்கிருந்த இடத்தைக் கவனப்படுத்துகிறார். கைநாட்டுக்கு மாற்றாகத் தம் பெயரை எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் செயல் கற்றோருக்குப் பெருமிதம் தந்தது. அரசு அலுவலகத்தில் அம்மனு என்ன ஆகிறது என்பதும் அவர்களுக்குக் கிடைத்த ஒரு பாடம். எழுத்து கதவைத் திறக்கும் என்று சொல்லி அழைத்து வந்தவர்கள், திறக்காத கதவுகளைப் பற்றியும் வகுப்பில் பேசக் கடமைப்பட்டவர்கள். பேசாவிட்டால் அடுத்த வாரம் இருக்கை காலியாகும்.

வகுப்பு முடிந்த பிறகு

எழுத்தறிவு இயக்கங்கள் அனைத்தும் தடுமாறிய இடம் ஒன்று உண்டு: அறிவிப்புக்கு மறுநாள். படிக்கக் கற்றவருக்குப் படிக்க எதுவும் இல்லையென்றால் எழுத்து ஓரிரு ஆண்டுகளில் மங்கும். கேரளம் 1998-இல் எழுத்தறிவு இயக்க ஆணையத்தை அமைத்து, 4, 7, 10-ஆம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளை வளர்த்தெடுத்தது. 2018-இல் 'அட்சரலட்சம்' தேர்வில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா தம் 96-ஆம் வயதில் 100-க்கு 98 மதிப்பெண் பெற்றது நாடறிந்த செய்தி. தேர்வு என்பது குழந்தைக்கு அச்சம். முதியவருக்கு அது பெரும்பாலும் மதிப்பு. சான்றிதழில் தம் பெயரைக் காண்பது பலருக்கு வகுப்பில் தங்கப் போதிய காரணம்.

ஆனால் சான்றிதழுக்கு அப்பாலும் ஒன்று உண்டு என்பதற்கு இடுக்கியின் எடமலக்குடியே சான்று. முதுவர் வாழும் அவ்வூர்த் தொகுதி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. காட்டு வழியே நடந்து செல்ல வேண்டிய அவ்விடத்தில், இரிப்புக்கல்லுக் குடியில் பி. வி. சின்னத்தம்பி என்பவர் ஒரு சிறு தேநீர்க் கடையையும் அதனோடு ஒரு நூலகத்தையும் நடத்தினார். ஆசிரியர் பி. கே. முரளிதரன் அதற்குத் துணை நின்றார். அங்கிருந்தவை 160 நூல்கள். 2013-ஆம் ஆண்டின் பதிவேட்டில் 37 முறை நூல்கள் இரவல் சென்றிருந்தன என்றும், அவற்றுள் விருப்பமான நூலாகச் சிலப்பதிகாரம் இருந்தது என்றும் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

37 என்பது சிறிய எண் என்று புள்ளியியல் சொல்லும். புதிய எழுத்தறிவோருக்கென்று எளிமைப்படுத்திய சுகாதாரக் குறிப்புகளையும் உர அளவுகளையும் மட்டுமே அச்சிட்டுத் தந்த திட்டங்களோடு இதனை ஒப்பிட வேண்டும். மதுரையிலிருந்து மூதாதையர் முதுகில் சுமந்து வந்தனர் என்று தம் தோற்றக் கதையைச் சொல்லும் ஒரு சமூகத்தார், மதுரை எரிந்த கதையைத் தேடிப் படித்திருக்கின்றனர். எவரும் அவர்களுக்கு அதனைப் பாடமாக வைக்கவில்லை. முதியவருக்கு எளிய சொற்கள் வேண்டும். அதனால் அவருக்கு எளிய பொருள்தான் வேண்டும் என்று முடிவு கட்டுவது தவறு. தம்மை அறிவுடையவராக மதிக்கும் நூலை அவர் கையிலெடுக்கிறார். அதற்காகக் காட்டு வழி நடந்து ஒரு தேநீர்க் கடைக்கும் வருகிறார்.

நமக்கான வேலை

2017-இல் பெரும்பாவூரில் தொடங்கிய 'சங்ஙாதி' திட்டம், வடமாநிலத் தொழிலாளருக்கு இந்தி வழியே மலையாளம் கற்பிக்க 'ஹமாரி மலையாளம்' என்ற நூலைத் தந்தது. கற்பவரின் மொழியே பாலமாகலாம் என்று ஓர் அரசு நிறுவனம் அங்கே ஏற்றுக்கொண்டது. அதே கொள்கை, ஐந்தாறு தலைமுறைகளாக மலையில் உழைக்கும் தமிழர்க்கும், அவர்களுக்கும் முன்பே அங்கிருக்கும் இருளர்க்கும் முதுவர்க்கும் பொருந்தும். புதிதாக வந்தவருக்குப் பாலம் அமைக்க முடியுமானால், நெடுங்காலம் வாழ்பவருக்கும் அமைக்க முடியும்.

இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதியோர் கல்வி மையத்தின் பதிவேடு கையில் கிடைத்தால், தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். எந்த மாதத்தில் வருகை குறைகிறது என்று பாருங்கள். அது கொழுந்து பெருகும் மழைக்காலமா, மிளகுப் பறிப்பா, திருவிழாவா? எந்தப் பாடத்துக்குப் பின் குறைகிறது? வகுப்பு எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது? ஆசிரியர் வீட்டில் என்ன மொழி பேசினார்? விலகியவர்களைத் தேடிச் சென்று கேளுங்கள். தங்கியவர்கள் நன்றியுணர்வால் பாராட்டியே பேசுவார்கள். வகுப்பில் என்ன குறை இருந்தது என்பதை விலகியவர்கள் சொல்வார்கள்.

தமிழகத்தின் அறிவொளித் தொண்டர்களும் கேரளத்தின் எழுத்தறிவுத் தொண்டர்களும் இன்று அறுபதையும் எழுபதையும் நெருங்குகின்றனர். அவர்களிடம் கற்றவர்கள் அதனினும் மூத்தவர்கள். அறிவிப்பு விழாக்களின் படங்கள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கும். ஒரு லயத்து வாசலில், ஒரு மாலைப் பொழுதில், களைத்த ஒரு பெண் வீட்டுக்குப் போகாமல் இன்னும் அரைமணி நேரம் அமர்ந்திருந்தது ஏன் என்பது அந்தப் படங்களில் இல்லை. அதனை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.